பெல்டன் பக்கெட்டில் போட்ட ஹார்ட்ஃபேசிங் கழன்று விழுகிறது: படித்திறன் பொருள் இதற்குச் சரிவருமா?

நோர்வுட்_பவர்ஹவுஸ் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்துச் சிறு நீர்மின் நிலையம். நிகர வீழ்ச்சி 200 மீற்றர், பெல்டன் சக்கரம் (சுற்றிவரக் கிண்ணம் மாதிரிப் பக்கெட்டுகள், அதில் தண்ணீர் ஜெட் அடித்துச் சுழற்றும்), இரண்டு ஜெட், நிமிடத்துக்கு 750 சுற்று. ரன்னர் (சுழலும் சக்கரம்) 13/4 வார்ப்புருக்கு (13% குரோமியம், 4% நிக்கல்). தென்மேல் பருவமழை நேரத்தில் வரும் மணல், பக்கெட்டின் நடுவரம்பையும் (ஜெட்டை இரண்டாகப் பிரிக்கும் நடு விளிம்பு) வெட்டுவாயையும் (வெளி ஓரத்தில் ஜெட்டுக்கு வழிவிடும் வெட்டு) தின்றுவிடுகிறது.

போன தடவை தேய்ந்த இடங்களில் ஹார்ட்ஃபேசிங்காக (வெல்டிங்கால் கடினப் படை ஏற்றுவது) குரோமியம் காபைட் ரொட்டால் இரண்டு படை, மொத்தம் 4 மிமீ அளவுக்கு ஏற்றினோம். ஜேசிபி பக்கெட் பல்லுக்குப் போடுகிற அதே ரொட். வெல்டிங் ஆறும்போதே 8 - 10 மிமீ இடைவெளியில் குறுக்கே மயிர்க்கோடுகள் விழுந்தன. ஒரு மழைக்காலம் ஓடி முடிய நடுவரம்பு நுனியில் துண்டு துண்டாகக் கழன்று போச்சு. கழன்ற இடத்தில் அடி உருக்கு பளபளவென்று தெரிகிறது.

"படித்திறன் பொருள்" என்று ஒன்று இருக்கிறதாம், உள்ளே உருக்கு, வெளியே கடினப் பொருள், நடுவில் கோடே இல்லாமல் மெதுவாக மாறுமாம். எஃப்ஜிஎம் என்றும் சொல்கிறார்கள். அதை நம்மட பட்டறையிலேயே படை படையாக வெல்டிங் பண்ணி எடுக்க முடியுமா? எந்த ரொட், எத்தனை படை?

---

உலோகவியல்_கண்டி

முதலில் அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று சொன்னால் உங்கள் வேலைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது விளங்கும். 1984இல் ஜப்பானின் செண்டாய் நகரில் விண்விமானத் திட்டத்துக்காக ஒரு பொருள் தேவைப்பட்டது. வெளி முகத்தில் 2000 கெல்வின், 10 மிமீக்குக் குறைந்த தடிப்புக்குள் 1000 கெல்வின் வெப்பநிலை வித்தியாசம். செரமிக்கை உலோகத்தின் மேல் நேரே ஒட்டினால் இரண்டும் வேறு வேறு அளவில் விரிந்து, சேரும் கோட்டிலேயே பிய்ந்துவிடும். அதனால் ஒரு முகத்தில் முழு உலோகம், மறு முகத்தில் முழு செரமிக், இடையில் கலவை விகிதம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும்படி செய்தார்கள். எஃப்ஜிஎம் என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

பெயர் புதிது, வேலை பழையது. காபன் ஏற்றிக் கடினமாக்கிய கியர்ப் பல்லை எடுங்கள். மேல்முகத்தில் 0.8% காபன், ஒரு மிமீ உள்ளே போனால் 0.2%. வெளியே கடினம் 58 - 62 எச்ஆர்சி (ரொக்வெல் அளவு), உள்ளே அடி தாங்குகிற மெத்தை. இரண்டுக்கும் நடுவில் கோடு கிடையாது, அதனால் கழலவும் இடமில்லை. ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) ரோலர் கியர்பொக்ஸின் வோர்மில் (திருகுப் பல் தண்டு) கீறல் விழுந்தால் "அரை மிமீ அரைத்துக் கொடு" என்று கிரைண்டிங்குக்குக் கொடுப்பார்கள். வோர்ம் பளிச்சென்று வரும், ஆனால் கடினப் படையில் பாதி போய்விட்டிருக்கும், கொஞ்ச நாளில் தேய்ந்துவிடும். படித்திறனை அரைத்து எறிகிறோம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. மூங்கிலும் அப்படித்தான்: நார் வெளித்தோல் பக்கம் நெருக்கம், உள்ளே போகப்போக ஐது.

இப்போது உங்கள் ரொட்டுக்கு வருவோம். உங்களிடம் ஏற்கனவே ஒரு படித்திறன் இருக்கிறது, ஆனால் பிழையான இடத்தில். கைவெல்டிங்கில் ஒவ்வொரு படையும் கீழே இருப்பதில் ஏறத்தாழ 30% உருக்கிக் கலக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டில் காபன் 4.5%, அடி உருக்கில் 0.05%. முதல் படையில் 3.2% வரும், இரண்டாவதில் 4.1%. 0.05இலிருந்து 3.2க்குப் பாய்வது ஒரே கோட்டில். அதற்கு மேலே 3.2இலிருந்து 4.1க்கு நிதானமாக ஏறுகிறது, யாருக்கும் தேவையில்லாத இடத்தில். நீங்கள் சொன்ன பளபளப்பான அடி உருக்கு அந்தப் பாய்ச்சல் கோடுதான்.

குறுக்கு மயிர்க்கோடு அந்த ரொட்டின் குணம். உயர் குரோமியம் காபைட் ஆறும்போது சுருங்கும், இழுபட மாட்டாது, அதனால் வெடித்துத் தன்னைத் தளர்த்திக்கொள்ளும். ஜேசிபி பல்லில் அது குற்றமே இல்லை. பெல்டனில் கணக்கு வேறு: இரண்டு ஜெட், 750 சுற்று என்றால் ஒவ்வொரு பக்கெட்டும் நிமிடத்துக்கு 1500 அடி, நாளைக்கு 21 இலட்சத்து 60 ஆயிரம். ஒவ்வொரு மயிர்க்கோடும் களைப்பு வெடிப்புக்கு வெட்டி வைத்த வாய். துண்டு கழன்றதை விட, கழலாத இடத்தில் வெடிப்பு அடி உருக்குக்குள் இறங்கியிருக்கிறதா என்பதுதான் என் கவலை.

---

பற்றவைப்பு_13_4

மேலே அண்ணன் சொன்னதோடு உடன்பாடு. வெல்டிங்கால் படித்திறன் செய்ய முடியும். முதல் பாய்ச்சலைச் சின்னதாக்கும் ரொட் வரிசை வேண்டும். என் தெரிவு: முதல் படைகள் 410 நிக்கல்-மொலிப்டினம் (காபன் 0.04% அளவு, அடி உருக்கோடு ஒரே குடும்பம்). அதன் மேல் ஸ்டெலைட் 21 (கோபால்ட் கலப்புலோகம்) ஒரு படை, காபன் 0.25%. கடைசியில் தேவையானால் மட்டும் ஸ்டெலைட் 6, காபன் 1.2% அளவு. 21 போட்டவுடன் 30 எச்ஆர்சி சுற்றித்தான் காட்டும், அடி வாங்க வாங்க இறுகும். அதைப் பார்த்து "ரொட் சரியில்லை" என்று கழித்து வைக்க வேண்டாம்.

செய்முறை:

பழைய காபைட் முழுவதையும் அரைத்தெடுங்கள், ஒரு புள்ளியும் மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் புதுப் படைக்குள் காபன் ஏறி அதுவும் வெடிக்கும். அரைத்தபின் சாயம் ஊடுருவும் சோதனை. வெடிப்பு தெரிந்தால் அதன் அடி காணும்வரை தோண்டுங்கள், மேலே மூடி வெல்டிங் பண்ணுவது வேண்டாம்.

410 ரொட்டை 300 - 350 பாகையில் 2 மணித்தியாலம் சுட்டு, 100 - 120 பாகைப் பெட்டியிலிருந்து நேரே எடுத்துப் போட வேண்டும். நம்ம மலையில் இதுதான் முதல் எதிரி. மூடுபனி இறங்குகிற பட்டறையில் திறந்து வைத்த பக்கற் ரொட் காலையில் எடுக்கும்போதே ஈரம் குடித்திருக்கும். அந்த ஈரம் ஐதரசனாகி வெல்டுக்குள் போகும். 13/4 ஆறி இறுகும்போது, சில நேரம் அடுத்த நாள், வெடிக்கும். வெல்டிங் முடிந்த அன்றே சோதித்துச் "சரி" என்று கையெழுத்துப் போடாமல் 48 மணித்தியாலம் விட்டுச் சோதியுங்கள்.

முன்சூடு 100 - 150 பாகை, படைகளுக்கிடையில் 200 பாகையைத் தாண்டாதீர்கள். சூட்டுச் சுண்ணக்கட்டி (குறித்த சூட்டில் உருகும் கட்டி) இரண்டு வாங்கினால் போதும், கையால் தொட்டுப் பார்க்கிற வேலை இதற்கு ஆகாது. 410 படைகள் முடிந்ததும் 100 பாகைக்குக் கீழே ஆற விடுங்கள், உள்ளமைப்பு மாறி முடிவது அப்போதுதான். பிறகு 590 - 600 பாகையில் மெதுவாகச் சூடாக்கிப் பதம் எடுங்கள், ஏற்றமும் இறக்கமும் மணிக்கு 50 பாகை. ஆறாமல் நேரே அடுப்பில் வைப்பதும், 620ஐத் தாண்டி விடுவதும் ஒரே பிழையில் முடியும்: மாறாமல் இருந்த பகுதி கடைசியில் ஆறும்போது புதிதாக இறுகி, பதம் எடுத்த பலன் போய்விடும்.

பதம் எடுக்க அடுப்பு இல்லையென்றால் 309 எல் துருவேறா உருக்கு ரொட் போட்டு ஒப்பேற்றுவார்கள். 200 பிரினெல் அளவுதான் கடினம், மணலுக்கு வெண்ணெய். தேயாத பின்பக்கத்துக்கு அவசரத்தில் போடலாம், நடுவரம்புக்கு வேண்டாம்.

பக்கெட் ரன்னரின் நடுத் தட்டோடு சேரும் வேர்ப் பகுதியில் மட்டும் எந்த ரொட்டும் வைக்காதீர்கள். வளைவுத் தகைப்பு முழுவதும் அங்கே. ரன்னர் செய்தவர்களின் நடைமுறையும் முழு ரன்னரையும் அடுப்பில் வைத்துப் பதம் எடுக்கும் வசதியும் இருந்தால் மட்டும் அங்கே கை வைக்கலாம்.

---

உலோகவியல்_கண்டி

தம்பி சொன்ன வரிசை நல்லது. ஆனால் படித்திறன் போட்டால் தகைப்பு மறைந்துவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, ஒரு கணக்கு போடுவோம். 13/4 விரிவுக் குணகம் பாகைக்கு மில்லியனில் 11 பங்கு, ஸ்டெலைட் 14 பங்கு அளவில். வித்தியாசம் 3. பதம் எடுக்கும் 600 பாகையில் எல்லாம் தளர்ந்திருக்கும் என்று வையுங்கள். 20க்கு ஆறும்போது 580 × 3 = மில்லியனில் 1740 பங்கு விகாரம். யங்கின் மட்டு 210 கிகாபாஸ்கல், புவாசோன் 0.3 என்றால் மேற்படையில் ஏறத்தாழ 520 மெகாபாஸ்கல் இழுவைத் தகைப்பு. பதம் எடுத்தால் வெல்டிங் தகைப்புப் போகும். இது பொருள்களின் வித்தியாசத்தால் வருவது, ஆறும்போது திரும்பவும் பிறக்கும்.

இடையில் எத்தனை படை வைத்தாலும், தடித்த உருக்கின் மேல் கிடக்கும் மெல்லிய மேற்படைக்குள் இந்த எண் பெரிதாக மாறாது. மாறுவது ஓரத்தில். படை முடியும் விளிம்பில் உரித்தெடுக்கும் தகைப்பு ஒரு கோட்டில் குவிந்திருக்கும், படித்திறன் அதைத் தடிப்பு முழுவதும் பரப்பிவிடும். அதனால் கழலுவது குறையும், மேற்படை வெடிப்பது அவ்வளவாகக் குறையாது. இரண்டும் வேறு நோய். உங்களுக்கு இரண்டும் இருக்கிறது.

ஓரத்துக்குச் செலவில்லாத ஒரு படித்திறனும் உண்டு: படையைச் செங்குத்தாக நிறுத்தாமல் 15 - 20 மிமீ தூரத்துக்குச் சரித்து அரைத்து பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள்.

---

வெப்பப்பூச்சு

இந்த இழையில் ஒருவரும் கேட்காத கேள்வி: 4 மிமீ கடினப் படை எதற்கு? படித்திறன் தேவைப்படுவதே தடிப்பால்தான். படை மெல்லியதானால் அது சேர்த்து வைக்கும் சக்தியும் குறையும், உரியும் ஆசையும் குறையும்.

மணல் வரும் பெல்டன் ரன்னர்களுக்கு இமயமலைப் பக்கமும் அந்தீசிலும் இப்போது வழக்கமாகப் போடுவது எச்விஓஎஃப் முறையில் (அதிவேகச் சுவாலையால் தூளைத் தெளிப்பது) தங்ஸ்டன் காபைட் - கோபால்ட் - குரோமியம், 86/10/4. தடிப்பு 0.3 மிமீ அளவு. கடினம் 1000 விக்கர்ஸைத் தாண்டும், உங்கள் 13/4 அதில் மூன்றில் ஒரு பங்கும் வராது. தூள் மிகுந்த வேகத்தில் வந்து மோதுவதால் படைக்குள் பெரும்பாலும் அமுக்கத் தகைப்பு இருக்கும், ரன்னரும் 150 பாகைக்கு மேல் சூடாகாது, பதம் கெடாது. ஒட்டுவலிமைச் சோதனையில் பெரும்பாலும் சோதனைக்கு ஒட்டிய பசைதான் முதலில் விடும். இங்கே இடைப்படை, படித்திறன் எதுவும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு கடினம் வேண்டும் என்றால், மத்திய மலைநாட்டுப் பாறை அப்படி. சார்னொக்கைட், குவாட்சைட், கார்னட் கலந்த நைஸ். ஆற்று மணலில் குவாட்ஸும் கார்னட்டும் தாராளம், இரண்டும் மோஸ் அளவில் 7 சுற்றி. தண்ணீரால் உருக்கு வெட்டும் இயந்திரத்துக்குக் கார்னட் தூளைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், உங்களுக்கு அது இலவசமாக வருகிறது. 200 மீற்றர் வீழ்ச்சியில் ஜெட் வேகம் செக்கனுக்கு 61 மீற்றர், பக்கெட்டுக்குச் சார்பாக 32 அளவு. தேய்மானம் வேகத்தின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்கில் ஏறும். ஸ்டெலைட் அந்த மணலுக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், தண்ணீர்க் குமிழ் உடைந்து வரும் குழிவிழுதலுக்குத்தான் அது உண்மையில் நல்லது.

கெடும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி நேராகப் பார்க்க முடியாத இடத்தில் பூச்சு பஞ்சுபோல வரும். வெட்டுவாயின் உள்மூலையும் பக்கத்துப் பக்கெட்டின் நிழலும் அப்படி. 45 பாகைக்குக் குறைந்த கோணத்தில் தெளித்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மணல் அடித்துச் சொரசொரப்பாக்கிய முகத்தை நம் ஈரக்காற்றில் விட்டால் சில மணித்தியாலத்தில் மங்கும், உடனே தெளிக்க வேண்டும். நடுவரம்பு கத்திமுனையாக இருந்தால் பூச்சு முனையிலேயே சில்லு போகும், சின்ன வட்டம் கொடுத்து அனுப்புங்கள். மரக்கட்டையோ கல்லோ ஜெட்டில் வந்து அடித்தால் பூச்சு தாங்காது. பூசிய இடத்தில் பிறகு வெல்டிங் பண்ண வேண்டுமானால் முதலில் பூச்சை முழுதாக எடுக்க வேண்டும்.

ஆக என் வரிசை: காபைட்டை அரை, 410ஆல் வடிவத்தை மீட்டெடு, பதம் எடு, வடிவ அச்சுத் தகடு வைத்து வடிவம் பார், நிலைச் சமநிலை பார், பிறகு 0.3 மிமீ பூச்சு.

---

பேராதனை_இறுதியாண்டு

ஒரு சின்னக் கேள்வி, இழையைத் திசை திருப்பினால் மன்னிக்கவும். இறுதியாண்டு ஆய்வுக்கு படித்திறன் தகட்டின் வெப்பத் தகைப்பை முடிவுறு மூலக முறையில் எடுக்கிறேன். எத்தனை படையாகப் பிரிப்பது? அடுக்கு எண் எதை எடுப்பது? கையில் செய்து காட்ட மலிவான மாதிரி ஏதும் உண்டா, ஐயா?

---

உலோகவியல்_கண்டி

திசை திருப்பவில்லை மகள், இதுவும் அதே விஷயம்.

செரமிக் கனவளவுப் பங்கை (z/h)ⁿ என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள், z உலோக முகத்திலிருந்து உள்ள தூரம், h மொத்தத் தடிப்பு. நடுத்தடிப்பில் n = 1 என்றால் 50%, n = 2 என்றால் 25%, n = 0.5 என்றால் 71%. n ஒரு வசதிக்கான எண், உங்கள் செய்முறை அந்த வளைகோட்டைத் தரும் என்று உறுதி இல்லை. செய்யக்கூடிய படைகளை முதலில் தீர்மானித்து, அதற்குப் பொருந்தும் nஐ எடுங்கள். யங்கின் மட்டுக்கு நேர் கலவை விதி கூடுதலாகக் காட்டும், கலவையின் பண்பைக் கணிக்கும் மோரி - தனாக்கா முறையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 5 படை, 10 படை, 20 படை என்று ஓட்டி, இடைமுகத் தகைப்பு எங்கே மாறாமல் நிற்கிறதோ அங்கே நில்லுங்கள்.

மாணவர்கள் வழக்கமாக விழுகிற குழி ஒன்று: பொருட்பண்பை இடத்துக்கு இடம் மாற்ற, மென்பொருளின் வெப்பநிலையைப் பொய்யாக z ஆகக் கொடுப்பது. இயந்திரச் சுமைக்கு அது வேலை செய்யும். வெப்பத் தகைப்புக்குச் செய்யாது, உண்மையான வெப்பநிலைக்கு இடம் இருக்காது. அதற்குத் தனிப் புல மாறியைப் பாவியுங்கள். இன்னொன்று, தகைப்பற்ற வெப்பநிலையை 25 பாகை என்று விட்டுவிடாதீர்கள். பொருள் உருவான வெப்பநிலை அதைவிட எவ்வளவோ மேலே.

மாதிரிக்குக் காபன் ஏற்றிய மெல்லுருக்கே போதும். மூடிய இரும்புப் பெட்டியில் மரக்கரித் துண்டும் அதில் பத்தில் ஒரு பங்கு சோடியம் காபனேற்றும், மூடியைக் களிமண்ணால் அடைத்து 925 பாகை. படை ஆழம் மிமீயில் 0.635 × √மணித்தியாலம். உள்ளே உலோகம் அந்தச் சூட்டை எட்டியபின் 4 மணித்தியாலம் என்றால் 1.27 மிமீ. தண்ணீரில் தோய்த்து, குறுக்கே வெட்டி (வெட்டும்போது தண்ணீர் ஓடட்டும், சூடானால் பதம் போய்விடும்), மெருகேற்றி, 0.1 மிமீக்கு ஒரு மைக்ரோ விக்கர்ஸ் குறி. அந்த வளைகோடு கையில் வந்தால் ஆய்வில் பாதி முடிந்தது.

உலோகம் - உலோகம் படித்திறன் என்று லேசர் தூள் முறையைப் பற்றி எழுதினால், இடைக்கலவைகள் எல்லாமே நல்லவை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டைட்டேனியத்திலிருந்து துருவேறா உருக்குக்கு நேராகப் போனால் நடுவில் இரும்பு - டைட்டேனியம் சேர்வைகள் பிறக்கும், கண்ணாடி மாதிரி நொறுங்கும். இடையில் வனேடியம் போன்றதை வைத்துச் சுற்றிப் போக வேண்டும்.

---

பொகவந்தலாவ_ஸ்டோர்

அப்படியானால் டிரையர் ஹீட்டரின் விறகு அடுப்புக் குழாய்க்குச் செரமிக் படித்திறன் பூச்சு பூசலாமா? குழாய் அடிக்கடி ஓட்டையாகிறது.

---

வெப்பப்பூச்சு

வேண்டாம். உலோகமும் செரமிக்கும் கலந்த படையில் சிக்கிய உலோகத் துகள் சூட்டில் ஒட்சியேறி ஊதும், உள்ளிருந்தே பூச்சை வெடிக்க வைக்கும். வாயுச்சுழலித் தகடுகளிலேயே இந்தக் காரணத்தால் படித்திறன் பூச்சு பரவவில்லை, பிணைப்புப் படை மேல் செரமிக் என்ற இரண்டு படை முறைதான் நின்றது. உங்கள் குழாய்க்குச் சுவாலை நேரே நக்கும் முதல் வரிசைக்கு முன்னால் தீக்கல் தடுப்பு வைத்து, ஈர விறகை நிறுத்துங்கள். பூச்சுக் காசில் குழாயே வாங்கலாம்.

---

வாய்க்கால்_தலவாக்கலை

நோர்வுட் அண்ணன், ரன்னருக்குச் செலவழிக்கும் முன் மேலே மணல் படியவிடும் தொட்டியைப் பாருங்கள். 0.2 மிமீ குவாட்ஸ் மணல் செக்கனுக்கு 2 சமீ அளவில் இறங்கும். தொட்டியில் ஓட்டம் செக்கனுக்கு 0.2 மீற்றர், ஆழம் 2 மீற்றர் என்றால் இறங்க 100 செக்கன், அதற்குள் தண்ணீர் 20 மீற்றர் போய்விடும். சுழிப்புக்காக அதை இரண்டு மடங்காக எடுங்கள். பாதித் தொட்டி சேற்றால் நிறைந்திருந்தால் ஆழம் பாதி, ஓட்ட வேகம் இரட்டை. கணக்கில் இறங்கும் தூரம் மாறாவிட்டாலும் சுழிப்புக் கூடி, மணல் படியாமல் பென்ஸ்டொக்குக்கு (சக்கரத்துக்கு இறங்கும் குழாய்) போகும். மழைக்காலத்தில் சேற்றுக் கதவைத் திறக்கும் ஒழுங்கு இல்லாமல் எந்தப் பூச்சும் நிற்காது.

---

நோர்வுட்_பவர்ஹவுஸ்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு பக்கெட்டில் காபைட்டை அரைத்து சாயம் போட்டுப் பார்த்தோம். ஒன்றில் நடுவரம்பில் மட்டும் கோடுகள், 1 மிமீ தோண்ட மறைந்தன. மற்றதில் வேருக்குப் பக்கத்தில், உள்வளைவில், 12 மிமீ நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. அங்கே நாங்கள் வெல்டிங் போடவே இல்லை. மழை முடியும்வரை ஒரு ஜெட்டை மூடி ஓட்டலாமா?

---

பற்றவைப்பு_13_4

ஓட்ட வேண்டாம், ஒரு ஜெட்டிலும் வேண்டாம். ஒரு ஜெட்டை மூடினால் அடியின் எண்ணிக்கைதான் பாதியாகும், ஒவ்வொரு அடியின் பலமும் அதேதான். அந்த இடத்தில் வெடிப்பு வளர்ந்தால் பக்கெட் முழுதாகப் பறக்கும்; உறையும் ஊசிவால்வும் பக்கத்தில் நிற்கிற ஆளும் அதன் வழியில். எல்லாப் பக்கெட்டின் வேரையும் காந்தத்துகள் முறையில் பாருங்கள், 13/4 காந்தம் பிடிக்கும், சாயத்தை விடத் துல்லியமாகக் காட்டும். வெடிப்பின் ஆழத்தை மீயொலியால் அளந்து, படத்தோடு ரன்னர் செய்தவர்களுக்கு அனுப்புங்கள். அவர்கள் பதில் வரும்வரை கிரைண்டரை அந்த இடத்தில் வைக்காதீர்கள்.